எலும்பைத் தின்றது யார்? ஈறு நோயும் 'எதிர்ப்பு' என்னும் சொல்லும்

1

நோயைப் பற்றிய நம் பேச்சு பெரும்பாலும் போரைப் பற்றிய பேச்சாகவே இருக்கிறது. கிருமி 'படையெடுக்கும்', உடம்பு 'எதிர்த்து நிற்கும்', வெள்ளணுக்கள் 'போர்வீரர்கள்', மருந்து 'ஆயுதம்'. பள்ளிக்கூடப் பாடப்புத்தகம் தொடங்கிப் பற்பசை விளம்பரம் வரைக்கும் இதே கதையாடல்தான். இது எந்த இடத்தில் கிழிகிறது என்று பார்க்க அதிக தூரம் போக வேண்டாம். கண்ணாடி முன்னால் நின்று உதட்டைக் கொஞ்சம் தூக்கினால் போதும். பல்லும் ஈறும் சந்திக்கிற அந்த மெல்லிய கோடுதான் இக்கட்டுரையின் களம்.

ஈறு நோயில் என்ன நடக்கிறது? முதலில் ஈறு சிவந்து வீங்குகிறது, பல் துலக்கும்போது ரத்தம் கசிகிறது. சிலருக்கு இது இத்தோடு நின்றுவிடுகிறது. மற்றவர்களுக்கு ஈறு பல்லைவிட்டு விலகி, அந்த இடைவெளி ஒரு பைபோல ஆழமாகி, பல்லைப் பிடித்திருக்கும் நார்கள் அறுந்து, அடியில் இருக்கும் எலும்பு கரைந்து, சொத்தையே இல்லாத நல்ல பல்கூட ஆடி விழுகிறது. இதன் தீவிர நிலையை எட்டியவர்கள் உலகில் 100 கோடிக்கும் மேல் என்று உலக சுகாதார நிறுவனத்தின் 2022ஆம் ஆண்டு அறிக்கை கணக்கிடுகிறது. சரி, அந்த எலும்பைத் தின்றது யார்? கிருமி என்றுதான் எல்லோரும் சட்டென்று சொல்வோம். நோயைத் தொடங்கிவைப்பது கிருமிகள்தான், வாஸ்தவம். ஆனால் நார்களை அறுப்பதும் எலும்பைக் கரைப்பதும் பெருமளவுக்கு நம் உடம்பின் சொந்தச் செல்கள். 'காவல்' என்று நாம் பெயர் வைத்திருக்கிற ஏற்பாடுதான் வீட்டை இடிக்கிறது.

முதலில் சொற்களைப் பார்த்துவிடுவோம். 'இம்யூனிட்டி' என்பது மருத்துவச் சொல்லாகப் பிறந்ததல்ல. ரோமானியச் சட்டத்தில் 'இம்யூனிட்டாஸ்' என்றால் வரி, பொதுக்கடமை முதலியவற்றிலிருந்து விலக்கு. கடமை, கொடை என்று பொருள்படும் 'மூனுஸ்' என்ற வேரிலிருந்துதான் சமூகத்தைக் குறிக்கும் சொல்லும், அதிலிருந்து விலக்குப் பெறுவதைக் குறிக்கும் இந்தச் சொல்லும் கிளைத்தன என்பதை வைத்துக்கொண்டு இத்தாலியச் சிந்தனையாளர் ரொபெர்த்தோ எஸ்பொசித்தோ 2002இல் ஒரு நூலே எழுதினார். இந்தச் சட்டச் சொல்லுக்குப் போர்க்கோலம் பூட்டியது பத்தொன்பதாம் நூற்றாண்டு. 1882இல் ரஷ்ய உயிரியலாளர் மெச்னிகாஃப், மெசினா நகரத்தில் நட்சத்திர மீனின் இளம்பருவ உடம்பில் ரோஜா முள்ளைக் குத்திவைத்தார். நகரும் செல்கள் வந்து முள்ளைச் சூழ்ந்துகொண்டதைப் பார்த்தார். 1908இல் நோபல் பரிசு. செல் 'எதிரியை விழுங்கும்' படிமம் அங்கிருந்துதான் நிலைபெறுகிறது. பிறகு 1949இல் ஆஸ்திரேலியாவின் மக்ஃபர்லேன் பெர்னெட், உடம்பு 'தன்'னையும் 'பிற'வையும் பிரித்து அறிகிறது என்ற கருத்தாக்கத்தை முன்வைக்கிறார். போருக்கு இப்போது ஓர் எல்லைக்கோடும் கிடைத்துவிட்டது.

தமிழில் இதற்கு மூன்று சொற்கள் புழங்குகின்றன. பேச்சிலும் பத்திரிகையிலும் 'நோயெதிர்ப்பு'. தமிழ்நாட்டுப் பாடநூல்களில் 'தடைக்காப்பு'. இலங்கைத் தமிழ்ப் பாடநூல்களில் 'நிர்ப்பீடனம்', அதாவது பீடை அற்ற நிலை. முதல் சொல்லுக்குள் ஓர் எதிரி இருக்கிறான். இரண்டாவதற்குள் ஒரு மதில் இருக்கிறது. மூன்றாவதில் இரண்டும் இல்லை, ஒரு நிலை மட்டுமே இருக்கிறது. ஆனால் அதே இலங்கைப் பாடநூல் 'ஆன்டிபாடி'க்கு வைத்திருக்கிற பெயர் என்ன தெரியுமா? பிறபொருளெதிரி. 'பிற' வந்துவிட்டது, கூடவே 'எதிரி'யும் வந்துவிட்டான்.

வாய்க்குள் போனால் இந்தச் சொற்கள் எதுவும் நேராக நிற்பதில்லை.

2

வாய் உடம்பின் உள்ளா, வெளியா? காற்றும் சோறும் தண்ணீரும் வந்துபோகிற இடம் அது. 700க்கும் மேற்பட்ட பாக்டீரியா இனங்களை மனித வாய்களில் கண்டறிந்திருக்கிறார்கள். ஒவ்வொரு வாயிலும் அவற்றில் நூற்றுக்கணக்கானவை குடியிருக்கும். பிறந்த கொஞ்ச நேரத்திலேயே குடியேறத் தொடங்கிவிடுகிற இவற்றைப் 'பிற' என்று சொல்வதா, 'தன்' என்று சொல்வதா? எல்லாவற்றையும் விரட்டுவது என்று உடம்பு முடிவெடுத்தால் வாய் ஒரு நிரந்தரப் புண்ணாகத்தான் இருக்கும்.

ஆகவே உடம்பு வேறு மாதிரி ஏற்பாடு செய்துகொண்டிருக்கிறது. கன்னத்தின் உட்புறமும் ஈறும் அடுக்கடுக்கான செல்களால் ஆனவை. அடியில் புதிய செல்கள் பிறந்து மேலே ஏறி, கடைசியில் உதிர்கின்றன. உதிர்கிற செல் தன்மேல் ஒட்டிய பாக்டீரியாக்களையும் கூட்டிக்கொண்டே போய்விடுகிறது. மெல்லும்போது அதிகம் உரசப்படுகிற ஈறும் மேலண்ணமும் தோல்போலக் கொஞ்சம் காய்த்திருக்கும். கன்னம் மெதுவாக, ஈரமாக இருக்கும். இந்தச் செல்கள் வெறும் செங்கல் அல்ல. பாக்டீரியாவின் உறையில் இருக்கிற பொதுவான அடையாளங்களைத் தொட்டறியும் உணர்விகள் இவற்றிடம் உண்டு. டிஃபென்சின் என்ற சிறு புரதங்களைச் சுரக்கவும் தெரியும். அவற்றுக்கிடையே கிளைவிட்டுப் பரவி நிற்பவை லாங்கர்ஹான்ஸ் செல்கள். 1868இல் பால் லாங்கர்ஹான்ஸ் மாணவராக இருந்தபோது தோலில் இவற்றைக் கண்டு, நரம்புச் செல்கள் என்று நினைத்தார். நூறு ஆண்டுக்கும் மேலான பிறகுதான், வெளியிலிருந்து வருவதன் ஒரு துணுக்கை எடுத்துக்கொண்டுபோய் நிணநீர் முடிச்சுகளில் காட்டுகிற வேலை இவற்றுடையது என்பது தெளிந்தது. காட்டியதும் உடனே சண்டை என்றில்லை. 'இது பரவாயில்லை, இருக்கட்டும்' என்ற பதிலும் அங்கிருந்து வரும். இந்தப் பொறுத்துக்கொள்ளலும் நோயெதிர்ப்பின் வேலைதான்.

இன்னொன்று உமிழ்நீர். அதில் இருக்கிற 'ஐஜிஏ' வகைப் பிறபொருளெதிரி பாக்டீரியாக்களைக் கொல்வதைவிட ஒன்றோடொன்று பிணைத்து, சுவரில் ஒட்டவிடாமல் செய்து, விழுங்கப்பட்டுப் போகும்படி பார்த்துக்கொள்கிறது. ரத்தத்தில் உள்ள வேறு வகைகள்போல இது அழற்சியைக் கிளப்புவதில்லை. வாய்க்குக் கிடைத்த காவல்களிலேயே சாந்தமானது இதுதான். இதைத்தான் நாம் 'எச்சில்' என்று சொல்லித் தீட்டாக்கி வைத்திருக்கிறோம். டீக்கடைகளின் இரட்டைக் குவளைக்குப் பின்னால் இருந்த சாதி, எச்சில் படும் என்று பேசியே தன்னை நியாயப்படுத்திக்கொண்டது. தூய்மை பற்றிய சொல்லாடலுக்கு உடம்பிடமிருந்து எந்தச் சான்றும் கிடைக்கப்போவதில்லை என்பதை மட்டும் இங்கே குறித்துக்கொண்டு மேலே போவோம்.

சிக்கல் பல்லில் இருக்கிறது. உடம்பின் போர்வையைத் துளைத்துக்கொண்டு, உள்ளே எலும்பிலும் வெளியே காற்றிலுமாக நிற்கிற உறுப்பு அது. பல்லின் மேற்பரப்பு கன்னம்போல உதிராது. ஒட்டியது ஒட்டியபடியே இருந்து, பாக்டீரியாக்கள் பிசின் கட்டிப் படலமாகக் குடியேறுகின்றன. நாள்பட்டால் அது சுண்ணாம்பேறிக் காரையாகிவிடுகிறது. பல்லோடு ஈறு ஒட்டுகிற இடத்திலோ, செல்களின் பிணைப்பு வேண்டுமென்றே தளர்வாக விடப்பட்டிருக்கிறது. அந்த இடுக்கு வழியாக நியூட்ரோபில் என்னும் வெள்ளணுக்கள் ஓயாமல் ரத்தத்திலிருந்து வாய்க்குள் வந்துகொண்டே இருக்கின்றன. 1970இல் ஸ்கியோட், லூ என்ற இரு ஆய்வாளர்கள் போட்ட கணக்கு: நிமிடத்துக்குச் சுமார் 30,000. ஆக, ஆரோக்கியமான ஈறு என்பது எல்லை மூடப்பட்ட ஈறு அல்ல. கதவு ஒருக்களித்துத் திறந்து, போக்குவரத்து அளவாக நடக்கிற ஈறு.

3

சில நாள் பல் துலக்காமல் விட்டால் என்ன ஆகும்? 1965இல் டென்மார்க்கின் ஆர்ஹுஸ் நகரில் ஹரால்ட் லூவும் அவருடைய சகாக்களும் நல்ல ஈறு உள்ள 12 பேரைப் பல் துலக்குவதை நிறுத்தச் சொன்னார்கள். 10 முதல் 21 நாளுக்குள் எல்லோருக்கும் ஈறு வீங்கியது. மறுபடி துலக்க ஆரம்பித்ததும் ஏறத்தாழ ஒரு வாரத்தில் சரியாகிவிட்டது. படலம் சேர்ந்தால் அழற்சி, படலம் போனால் அழற்சியும் போகும். இதுவரை பாடப்புத்தகக் கதை சரிதான்.

ஆனால் படலம் போகாமலே இருந்தால்? நியூட்ரோபில்கள் கூட்டமாக வருகின்றன. படலத்துக்குள் புகுந்து அதை அழிக்க முடிவதில்லை. தம்மிடமுள்ள நொதிகளை வெளியே கொட்டுகின்றன. அந்த நொதிகளுக்குப் பாக்டீரியா, ஈறின் நார் என்ற பேதம் கிடையாது, நாரும் அறுகிறது. கூடவே டி-செல்களில் 'டிஎச்17' என்ற வகை பெருகி, ஐஎல்-17 என்ற சமிக்ஞைப் புரதத்தை அனுப்புகிறது. அது இன்னும் நியூட்ரோபில்களை வரவழைக்கிறது. அழற்சி நீளும்போது எலும்பைப் பராமரிக்கும் செல்களுக்கும் செய்தி போகிறது. 'ரேங்க்எல்' என்ற புரதம் கூடி, எலும்பைக் கரைக்கும் ஆஸ்டியோகிளாஸ்ட் செல்கள் முதிர்ந்து வேலையைத் தொடங்குகின்றன. வெளியே நின்று பார்த்தால் எலும்பு அழற்சியைக் கண்டு பின்வாங்குவது மாதிரி இருக்கும். பின்வாங்கியபின் பல்லுக்குப் பிடிப்பு ஏது?

கிருமியின் பங்கு என்ன என்பதை 2011இல் வெளிவந்த எலி ஆய்வு ஒன்று புதிய விதத்தில் காட்டியது. போர்ஃபிரோமோனாஸ் ஜிஞ்ஜிவாலிஸ் என்னும் பாக்டீரியாவைக் கொஞ்சமாகச் செலுத்தினார்கள். அதுவே பெருகி எல்லாவற்றையும் அழிக்கவில்லை. மாறாக, வாயில் ஏற்கெனவே இருந்த மற்ற பாக்டீரியாக்களின் தொகையும் கலவையும் மாறின, எலும்பு கரைந்தது. வேறு எந்தக் கிருமியும் இல்லாமல் வளர்க்கப்பட்ட எலிகளில் இதே பாக்டீரியா குடியேறியது, எலும்போ கரையவில்லை. இது நியூட்ரோபிலின் கொல்லும் கையைக் கட்டிவிட்டு, அழற்சியை மட்டும் நடக்கவிடுகிறது. ஏன்? சிதைந்த திசுவிலிருந்து கசியும் புரதமும் ரத்தத்தின் இரும்பும்தான் இந்த வகைக் கிருமிகளின் சாப்பாடு. கலவரம் ஓய்ந்தால் அவற்றுக்குப் பட்டினி. இங்கே 'எதிர்ப்பை அதிகப்படுத்து' என்று சொல்வதற்கு என்ன அர்த்தம்? எரிகிற வீட்டுக்கு விறகு அனுப்புவதுதான்.

சரி, எதிர்ப்பைக் குறைத்துவிட்டால்? அதுவும் நேர்க்கோட்டில் போவதில்லை. பிறவியிலேயே டிஎச்17 செல்கள் இல்லாதவர்களுக்கு ஈறு அழற்சியும் எலும்பு இழப்பும் குறைவாக இருப்பதை 2018 ஆய்வு ஒன்று காட்டியது. ஆனால் அவர்கள் வாயில் பூஞ்சை எளிதாகத் தொற்றும். அதே செல்தான் பூஞ்சையை எட்ட நிறுத்திவைத்திருந்தது. 2017இல் எலிகளிடம் செய்த இன்னோர் ஆய்வு, மெல்லுவதால் ஈறில் ஏற்படும் அன்றாட உரசலே இந்தச் செல்களை அங்கே வளர்க்கிறது என்றது. கிருமியே வேண்டாம், சோறு மென்றாலே போதும்.

இன்னும் விசித்திரமானது இது. நியூட்ரோபில்கள் ரத்தக் குழாயைவிட்டு வெளியேற முடியாத ஒரு பிறவி நோய் இருக்கிறது. அந்தக் குழந்தைகளுக்குச் சிறு வயதிலேயே ஈறு கெட்டுப் பல் விழுந்துவிடும். 'காவலர் இல்லை, கிருமி புகுந்துவிட்டது' என்றுதான் வெகுநாள் விளக்கம் சொல்லிக்கொண்டிருந்தார்கள். 2014இல் வேறு விளக்கம் வந்தது. திசுவுக்கு வந்து சேரும் நியூட்ரோபில், 'வந்தாயிற்று, போதும்' என்ற செய்தியையும் கொண்டுவருகிறது. அது வராததால் ஐஎல்-17 நிற்காமல் ஏறுகிறது; அந்த மிகைதான் எலும்பைக் கரைக்கிறது. 2017இல் இந்த நோயுள்ள ஒருவருக்கு அந்தச் சமிக்ஞைத் தொடரைத் தடுக்கும் மருந்தைக் கொடுத்தபோது ஈறின் அழற்சி அடங்கியது. நிறுத்தச் சொல்வதும் காவலின் வேலை என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டுமா?

4

இந்த அறிவின் ஒரு முக்கியமான பகுதி எங்கிருந்து வந்தது என்று பார்ப்போம். இதே லூவும் குழுவினரும் 1970இல் இலங்கையின் மலையகத்தில் இரண்டு தேயிலைத் தோட்டங்களில் 480 ஆண் தொழிலாளர்களின் ஈறுகளை அளக்கத் தொடங்கினார்கள். தோட்டத்துத் தமிழ்த் தொழிலாளர்கள் அவர்கள். பல் மருத்துவம் எட்டிப் பார்க்காத இடம். பிரஷ் பழக்கம் இல்லை. பல்லில் படலமும் காரையும் எல்லோருக்கும் இருந்தன, ஈறு அழற்சியும் அநேகமாக எல்லோருக்கும் இருந்தது. பல் சொத்தையோ மிகக் குறைவு. 1985 வரை அளந்தார்கள். கடைசி அளவெடுப்பில் எஞ்சியவர்கள் 161 பேர். 1986இல் முடிவுகள் வெளிவந்தன.

ஏறத்தாழ 8 சதம் பேருக்கு நோய் வேகமாகப் பரவியது. 81 சதம் பேருக்கு மிதமாக. 11 சதம் பேருக்கு ஈறு அழற்சியைத் தாண்டி எதுவும் நடக்கவேயில்லை. 35 வயதில் முதல் பிரிவினர் ஈறின் பிடிப்பில் சராசரியாக 9 மில்லிமீட்டரை இழந்திருந்தார்கள், இரண்டாம் பிரிவினர் 4 மில்லிமீட்டர், மூன்றாம் பிரிவினர் 1 மில்லிமீட்டருக்கும் குறைவு. ஒரே தோட்டம், ஒரே மாதிரி அழுக்குப் படலம், மூன்று விதமான கதிகள். அழுக்கின் அளவை மட்டும் வைத்து இதை விளக்க முடியாது. கிருமிக்கு உடம்பு தருகிற பதிலின் பக்கம் ஆய்வுலகம் திரும்பியதற்கு இந்த வாய்கள் ஒரு பெரிய காரணம். மேலே நாம் பார்த்த செல்களின் கதை இந்தக் கேள்விக்கான பதிலாகத்தான் எழுதப்பட்டுவருகிறது.

இந்த ஆய்வுத் தொடருக்கு அவர்கள் வைத்த தலைப்பில் 'இயற்கை வரலாறு' என்ற தொடர் இருக்கிறது. சிகிச்சை ஏதும் குறுக்கிடாதபோது ஒரு நோய் போகிற போக்கைக் குறிக்கும் மருத்துவக் கலைச்சொல் அது. சொல் பழையதுதான், பொருளும் தெளிவுதான். ஆனாலும் நாம் அதைக் கொஞ்சம் நிறுத்திப் படிக்கவேண்டியிருக்கிறது. அந்த லயன்களுக்குள் பல் மருத்துவர் வராதது இயற்கையா? காப்பிக்கும் பிறகு தேயிலைக்குமாகத் தமிழ்நாட்டிலிருந்து கொண்டுசெல்லப்பட்ட இம்மக்களில் பெரும்பாலோரை 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் நாடற்றவர்களாக்கியது. 1964இல் சிறிமாவும் சாஸ்திரியும் போட்ட ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கு, 3,00,000 பேரை இலங்கைக்கு என்று, அவர்களைக் கேட்காமலேயே பங்கு பிரித்தது. ஆய்வு நடந்துகொண்டிருந்த 1970களின் நடுவில்தான் தோட்டங்களில் பட்டினிச் சாவுகள் நேர்ந்தன. இதெல்லாம் வரலாறு. 'இயற்கை' என்ற அடைமொழி இதன்மேல் போர்த்தப்படும்போது, மறுக்கப்பட்ட ஒன்று இல்லாமலே போன ஒன்றாகத் தெரிய ஆரம்பிக்கிறது. அதோடு, தோட்டத்தில் கொழுந்து பறிப்பவர்கள் பெரும்பாலும் பெண்கள். அளவெடுக்கப்பட்டவர்கள் அத்தனை பேரும் ஆண்கள்.

அதே குழு இன்னோர் ஒப்பீட்டையும் செய்திருந்தது. ஆஸ்லோ நகரில் மாணவர்களையும் கல்வியாளர்களையும் இதே விதமாக அளந்திருந்தார்கள். சிறுவயது முதல் பல் மருத்துவ வசதி கிடைத்தவர்கள் அவர்கள். 40 வயதை நெருங்கும்போது ஆஸ்லோக்காரர்களின் சராசரி இழப்பு 1.5 மில்லிமீட்டருக்குச் சற்று மேல். தோட்டத் தொழிலாளர்களுடையது 4.5 மில்லிமீட்டர். இந்த இரண்டு கணக்குகளையும் ஒன்றாக வைத்துத்தான் படிக்க வேண்டும். தோட்டத்துக்குள் இருந்த வேறுபாட்டை மட்டும் எடுத்துக்கொண்டால் 'எல்லாம் அவரவர் உடம்புவாகு' என்று முடித்துவிடலாம். தோட்டத்துக்கும் ஆஸ்லோவுக்கும் உள்ள வேறுபாட்டை மட்டும் எடுத்துக்கொண்டால் 'எல்லாம் பல் துலக்காததால்' என்று உபதேசம் பண்ணலாம். படலம் வருஷக்கணக்கில் பல்லில் தங்குகிறதா என்பதைப் பெரிதும் சமூகம் தீர்மானிக்கிறது. தங்கியபின் சேதம் எவ்வளவு தூரம் போகும் என்பதை உடம்பின் பதில் தீர்மானிக்கிறது. அந்தப் பதிலையும் புகையிலை, சர்க்கரை நோய் போன்றவை மாற்றியமைக்கின்றன. சமூகமும் செல்லும் தனித்தனி அத்தியாயங்கள் அல்ல.

5

இதையெல்லாம் தெரிந்துகொண்டு என்ன செய்வது? சில நடைமுறை விஷயங்கள் இருக்கின்றன. ஈறில் ரத்தம் வந்தால் பயந்துபோய்த் துலக்குவதை நிறுத்துகிறோம். அது தலைகீழ். ரத்தம் வருகிற இடத்தில்தான் படலம் தங்கியிருக்கிறது, அங்கேதான் மென்மையாகத் துலக்க வேண்டும்; நிற்காவிட்டால் மருத்துவரிடம் காட்ட வேண்டும். புகைபிடிப்பவர்களுக்கு ரத்தம் குறைவாக வரும். அது நல்ல செய்தி அல்ல. உள்ளே எலும்பு கரைந்துகொண்டிருக்கும்போதே வெளியே அடையாளம் மறைக்கப்படுகிறது. காரையை எடுத்தால் பல் ஆடும் என்று ஊரெல்லாம் ஒரு பேச்சு. எலும்பு முன்பே போயிருக்கும், காரை அந்த இடைவெளியை அடைத்துக்கொண்டிருந்தது, அவ்வளவுதான். அழற்சி என்கிற நிலை வரைக்கும் முழுசாகத் திரும்பிவரலாம். எலும்பு போனபிறகு பெரும்பாலும் மேற்கொண்டு போகாமல் நிறுத்தத்தான் முடியும்.

மருத்துவமும் மெதுவாகப் போர்மொழியைவிட்டு நகர்ந்துகொண்டிருக்கிறது. 1998இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற ஒரு சிகிச்சையில் டாக்சிசைக்ளின் என்ற பழைய கிருமிக்கொல்லி மிகக் குறைந்த அளவில், 20 மில்லிகிராம் வீதம், கொடுக்கப்படுகிறது. அந்த அளவில் அது கிருமியைக் கொல்வதில்லை. நாரை அறுக்கிற நம் சொந்த நொதிகளை அடக்குகிறது. அழற்சி தானாகத் தணிந்துபோவதில்லை, தணிப்பதற்கென்றே உடம்பு தனிப் பொருள்களை உண்டாக்குகிறது என்பதும் கடந்த இருபத்தைந்து ஆண்டுகளில் தெளிவாகியிருக்கிறது. 2020க்குப் பிறகு கடைக்குக் கடை, 'எதிர்ப்புச் சக்தியைக் கூட்டும்' பொடியும் பானமும் விற்கிற நமக்கு இது காதில் விழவேண்டிய விஷயம். கூட்டுவது என்பது எப்போதும் நன்மையல்ல.

இதிலிருந்து அரசியல் பாடம் ஒன்றை உருவிக்கொள்ளலாமே என்று தோன்றும். 'எதிர்ப்பு' என்பது நம்முடைய சொல்லும்தானே. எனக்கு அதில் தயக்கம் இருக்கிறது. உடம்பை ஓர் அரசாகவும் நோயை ஊடுருவலாகவும் உருவகித்ததால் வந்த வினையைத்தான் இவ்வளவு நேரம் பார்த்தோம். நோயை உருவகமாக்குவது நோயாளியை என்ன செய்கிறது என்று சூசன் சொண்டாக் 1978இலேயே எழுதியாயிற்று. ஒரு மக்கள் கூட்டத்தைக் 'கிருமி' என்று சொல்கிறவர்கள் உயிரியலைத் துணைக்கு அழைக்கும்போது, உயிரியல் அப்படிச் சொல்லவில்லை என்று காட்டினால் போதும். பதிலுக்கு நாமும் இன்னோர் உடம்பு உருவகத்தைத் தூக்கிக்கொண்டு அலையவேண்டியதில்லை.

ஆனால் ஒரு கடன் பாக்கி இருக்கிறது. 2010இல் அந்த 480 பேரில் 75 பேரை மறுபடியும் தேடிப் பிடித்துப் பரிசோதித்தார்கள். ஈறு நோயைப் பற்றி எழுதுகிற எந்த மொழிப் பாடநூலும் அந்தத் தொழிலாளர்களைத் தாண்டிப் போக முடியாது. அவர்களுடைய மொழியில், அவர்களுடைய பேரப்பிள்ளைகள் படித்துப் புரிந்துகொள்கிற மாதிரி, அவர்கள் வாயிலிருந்து எடுத்த அறிவைத் திருப்பிச் சொல்கிற எழுத்து நம்மிடம் எவ்வளவு இருக்கிறது? மலையகத் தோட்டங்களில் பல் மருத்துவர் எத்தனை பேர் என்று கேட்கிறவர்களுக்கு இந்த அறிவு பயன்படவேண்டும். அதற்கு முதலில் அது தமிழில், 'படையெடுப்பு' இல்லாத தமிழில், எழுதப்பட்டாக வேண்டும்.